20 நொடிக்கு ஒரு ஹிட்: பழைய பாப் பாட்டு 'நான்ஸ்டாப்' மிக்ஸ் ஏன் நம்மை விடுவதில்லை? காசு யாருக்குப் போகிறது?

யூடியூபில் '80ஸ் நான்ஸ்டாப்' என்று தேடிப் பாருங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேலே நீளும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். பார்ப்பதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது. சுழலும் ஒரு கேசட், மின்னும் டிஸ்கோ பந்து, ஓரத்தில் பாட்டுப் பட்டியல், அவ்வளவுதான். போனி எம் முடிவதற்குள் அபா வந்துவிடும். அபா பல்லவியைத் தாண்டுவதற்குள் மாடர்ன் டாக்கிங் நுழைந்துவிடும். அடியில் ஒரே தாளம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

வடிவம் நமக்குப் புதுசு இல்லை. ராத்திரி பஸ்ஸில் டிரைவர் சொருகும் பென்டிரைவில் இருப்பதும், கச்சேரி மேடையில் 'அடுத்து ஒரு மெட்லி' என்று அறிவிப்பதும் இதே சங்கதிதான். இலங்கையில் பைலா பாடும் இசைக்குழுக்களின் மேடையில் 'நான்ஸ்டாப்' இல்லாவிட்டால் கூட்டம் விடாது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. முழுப் பாட்டும் கையில் கிடைக்கிற காலம் இது. விரலால் ஒரு தட்டு தட்டினால் அசல் பாட்டு அசல் குரலில் வரும். பிறகு ஏன் வெட்டி ஒட்டிய துண்டுகளை மணிக்கணக்கில் கேட்கிறோம்?

பழசு என்பதால் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மக்கள் கேட்கும் இசையில் 70 சதவீதத்துக்கும் மேல் வெளிவந்து 18 மாதம் தாண்டிய பாடல்கள்தான் என்று லுமினேட் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. (இந்தக் கணக்கில் இரண்டு வருடப் பாட்டும் 'பழசு', ஐம்பது வருடப் பாட்டும் 'பழசு' என்பதைக் கவனிக்க வேண்டும்.) பழைய பாட்டு இப்போது பெரிய சொத்து. அதனால் மிக்ஸின் ஈர்ப்பைப் பற்றிப் பேசினால், அந்தச் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும். இரண்டுமே ஒரே கதையில் வருகின்றன. அந்தக் கதை நெதர்லாந்தில் தொடங்குகிறது.

கடையில் ஒலித்த திருட்டு ரெக்கார்டு

வில்லெம் வான் கூட்டன் நெதர்லாந்துக்காரர். இசைப் பதிப்பாளர், அதாவது பாடல்களின் உரிமையை வைத்துத் தொழில் செய்பவர். சுமார் 45 வருடங்களுக்கு முன்பு ஒருநாள் ஒரு ரெக்கார்டு கடைக்குப் போகிறார். அங்கே ஒரு டிஸ்கோ மிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. பீட்டில்ஸ், ஆர்ச்சிஸ், அன்றைய டிஸ்கோ ஹிட்டுகள் என்று பல பாடல்களின் அசல் ஒலிப்பதிவை வெட்டி ஒட்டிய 12 அங்குல ரெக்கார்டு. நடுவில் வந்த ஒரு பாட்டு அவரைத் தூக்கிவாரிப் போட்டது. ஷாக்கிங் ப்ளூ என்ற டச்சுக் குழுவின் 'வீனஸ்'. 1970-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. அதன் உரிமை இருந்தது வேறு யாரிடமும் இல்லை, இவரிடம்தான்.

இவரை யாரும் அனுமதி கேட்கவில்லை. அப்படியென்றால் அது திருட்டு ரெக்கார்டு. கனடாவின் மான்ட்ரியல் நகர டிஜேக்களின் கைவண்ணம் என்பது பிறகு தெரிந்தது.

வேறொருவர் என்றால் நேராக வக்கீலிடம் போயிருப்பார். இவருக்கு வியாபாரம் தெரிந்தது. கடையில் இருந்தவர்கள் அந்த ரெக்கார்டை ரசித்ததைப் பார்த்தார். இதையே சட்டப்படி செய்தால் என்ன என்று யோசித்தார்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு இரண்டு பூட்டு. ஒன்று, மெட்டும் வரியும். இது எழுதியவர்களுக்கும் பதிப்பாளருக்கும் உரியது. இன்னொன்று, ஸ்டுடியோவில் பதிவான அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. இது பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியின் கையில் இருக்கும். மெட்டைப் பயன்படுத்தி வேறு ஆட்களை வைத்துப் பாடுவதற்கு உரிமத் தொகை கட்டினால் போதும், வழக்கமான நடைமுறைதான். ஆனால் பீட்டில்ஸின் அசல் ஒலிப்பதிவைத் துண்டு போட அனுமதி வாங்குவது என்பது நடக்காத காரியம்.

அதனால் இரண்டாவது பூட்டைத் தொடவே இல்லை. கோல்டன் இயரிங் குழுவின் முன்னாள் டிரம்மர் யாப் எக்கர்மாண்ட் தயாரிப்பாளராக வந்தார். பீட்டில்ஸ் மாதிரியே பாடக்கூடிய டச்சுப் பாடகர்களைப் பிடித்தார். ஜான் லெனன் குரலுக்கு பாஸ் முய்ஸ், பால் மெக்கார்ட்னிக்கு ஓக்கி ஹைஸ்டன்ஸ், ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஹான்ஸ் வெர்மூலன். எல்லாப் பாட்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, அடியில் டிரம்ஸும் கைதட்டலும் நிற்காமல் ஓடும்படி பதிவு செய்தார்கள். பெயர் 'ஸ்டார்ஸ் ஆன் 45'.

சுமார் நான்கு நிமிட சிங்கிள். அதற்குள் 'வீனஸ்' தொடக்கம், 'சுகர் சுகர்', பிறகு எட்டு பீட்டில்ஸ் பாடல்கள். கணக்குப் போட்டால் ஒரு பாட்டுக்கு 20 நொடி சொச்சம்தான்.

1981 ஜூன் 20 தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது முதலிடம். அந்தச் சமயம் கிம் கார்ன்ஸின் 'பெட்டி டேவிஸ் ஐஸ்' என்ற பாட்டு முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மொத்தம் ஒன்பது வாரம் அங்கே இருந்த பாட்டு அது. இடையில் ஒரே ஒரு வாரம் அதைக் கீழே இறக்கியது இந்த மெட்லிதான். பிரிட்டனில் இரண்டாம் இடம். 'வீனஸ்' பாட்டுக்கும் யோகம்: 1970-ல் அசல் வடிவில் முதலிடம், 1981-ல் மெட்லிக்குள் புகுந்து முதலிடம், 1986-ல் பனனராமா பாடி மறுபடியும் முதலிடம்.

உடனே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அதே 1981-ல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா செவ்வியல் இசைத் துண்டுகளை டிஸ்கோ தாளத்தில் கோர்த்து 'ஹூக்ட் ஆன் கிளாசிக்ஸ்' வெளியிட்டது. அதுவும் ஹிட். அடுத்த வருடம் பீட்டில்ஸின் ரெக்கார்டு கம்பெனியே அசல் ஒலிப்பதிவுகளை ஒட்டி 'பீட்டில்ஸ் மூவி மெட்லி' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அது 12-ம் இடத்தோடு நின்றது. போலிக் குரல் முதலிடம், அசல் குரல் பன்னிரண்டாம் இடம். காரணம் சொல்வது கஷ்டமில்லை. போலியில் விடாத தாளம் இருந்தது. அசலில் அது இல்லை.

அதற்கு முன்னாடி இல்லையா?

இருந்தது. ஜெர்மனியின் ஜேம்ஸ் லாஸ்ட் 1965-லேயே 'நான் ஸ்டாப் டான்ஸிங்' என்ற பெயரில் ஆல்பம் போட்டார். ஹிட் பாடல்களை இடைவெளி இல்லாமல் தன் வாத்தியக் குழு வாசிக்க, பின்னணியில் பார்ட்டியில் ஆட்கள் சிரிப்பது, கத்துவது போன்ற சத்தங்களைச் சேர்த்தார். வீட்டு ஹாலில் நான்கு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருப்பது போலத் தோன்றும். 60-களின் கடைசியில் நியூயார்க் கிளப்புகளில் பிரான்சிஸ் கிராஸோ போன்ற டிஜேக்கள் இரண்டு ரெக்கார்டுகளின் தாளத்தை ஒட்டவைத்து ஆட்டம் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். 1975-ல் குளோரியா கேனர் ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும், மூன்று பாட்டு, இடைவெளியே இல்லாமல் டாம் மோல்ட்டன் கோர்த்துக் கொடுத்தார். பாட்டு முடிந்தால் ஆடுகிறவர் போய் உட்கார்ந்துவிடுவார் என்பதுதான் இவர்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே பயம்.

அரை நொடி போதும்

சரி, கேட்பவருக்கு என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேரல் கிரம்ஹான்ஸல் 2010-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். பிரபல பாடல்களிலிருந்து வெறும் 400 மில்லி நொடித் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். அரை நொடிகூட இல்லை. கேட்டவர்கள் நான்கில் ஒரு தடவைக்கு மேல் பாட்டின் பெயரையும் பாடியவரையும் சரியாகச் சொன்னார்கள். ஒரு கிடார் சத்தம், ஒரு மூச்சு, டிரம்ஸின் ஒரு அடி. அதற்குள் மூளை 'ஓ, இதுவா!' என்று பிடித்துவிடுகிறது.

அந்த 'ஓ, இதுவா!'தான் மெட்லி விற்கிற சரக்கு. முழுப் பாட்டில் அது ஒரு தடவைதான் வரும், தொடக்கத்தில். மெட்லியில் 20 நொடிக்கு ஒரு தடவை வரும்.

இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியம். 2011-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்கிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். (ஆமாம், அந்தத் திருட்டு ரெக்கார்டு பிறந்த அதே ஊர்.) பாட்டின் உச்ச இடம் வரும்போது மட்டும் டோபமைன் சுரக்கவில்லை. உச்ச இடம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது. வருவதைவிட வரப்போவதுக்கே ஒரு தனி சுகம்.

மெட்லியில் இந்தக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. இப்போது ஓடும் பாட்டில் அடுத்து என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அடுத்த பாட்டு எது என்று தெரியாது. தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாக ஓடுகின்றன. 'பழசையே கேட்கிறார்கள், புதுசுக்கு மனசு இல்லை' என்று இதைத் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பு. கேட்கிறவருக்கு அடுத்த வெட்டு என்னவாக இருக்கும் என்பதே புதுசுதான்.

சரி, 80-களில் பிறக்கவே பிறக்காத பிள்ளைகளும் இதற்கு ஆடுகிறார்களே? அதற்கும் கிரம்ஹான்ஸலிடம் பதில் இருக்கிறது. அவரும் ஜஸ்டின் சுப்னிக்கும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், 20 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு ஐம்பது வருடத்துக்கும் மேலான காலத்தின் ஹிட் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாடல்கள் மட்டும் இல்லாமல், பெற்றோர் இளமையில் கேட்ட 80-களின் பாடல்களும், அதற்கும் முந்தைய 60-களின் பாடல்களும் அவர்களிடம் தனி ஒட்டுதலைக் காட்டின. சமையலறை ரேடியோவிலும் கார் பயணத்திலும் அப்பா அம்மா ஓடவிட்டது பிள்ளையின் ஞாபகத்திலும் உட்கார்ந்துவிடுகிறது.

கல்யாண வீட்டில் மெட்லி எடுபடுவதற்குக் காரணம் இதுதான். மேடைக்கு முன்னால் நிற்பவர்களில் பாட்டிக்கு ஒரு பாட்டு, சித்தப்பாவுக்கு ஒன்று, கல்லூரிப் பிள்ளைக்கு ஒன்று. நாலு நிமிடம் ஒரே பாட்டு ஓடினால் மூன்று பேர் சாப்பிடப் போய்விடுவார்கள். இருபது நொடி என்றால் யாருக்கும் போக நேரமில்லை. தனியாக ஹெட்போனில் கேட்பவருக்கும் கிட்டத்தட்ட இதே வசதிதான்: எதைப் போடுவது என்று தேட வேண்டாம், பிடிக்காத பாட்டு வந்தாலும் அது தானாகவே போய்விடும்.

யார்க்‌ஷயரிலிருந்து ஒரு முயல்

80-களின் தொடக்கத்தில் கிளம்பிய மெட்லி அலை சீக்கிரமே சலித்துப்போனது. கேலிப் பாடகர் 'வியர்ட் அல்' யாங்கோவிக் 1984-ல் 'போல்காஸ் ஆன் 45' என்று அதைக் கிண்டலடித்தே ஒரு மெட்லி போட்டார். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1989-ல் இங்கிலாந்தின் ரோதரம் நகரத்திலிருந்து ஒரு கார்ட்டூன் முயல் வந்தது. ஜைவ் பன்னி அண்ட் தி மாஸ்டர்மிக்ஸர்ஸ். பின்னால் இருந்தவர்கள் ஜான் பிக்கிள்ஸ், ஆண்டி பிக்கிள்ஸ் என்ற அப்பாவும் மகனும் அவர்களது கூட்டாளிகளும். கல்யாணங்களுக்கும் கிளப்புகளுக்கும் போகும் டிஜேக்களுக்காக ஆயத்த மிக்ஸ் தயாரித்துக் கொடுக்கும் சேவை நடத்தியவர்கள். ஆட்டக்களத்தை நேரில் பார்த்தவர்களின் சரக்கு என்பதால் எது எடுபடும் என்று அவர்களுக்கு அத்துப்படி.

'ஸ்விங் தி மூட்' என்ற முதல் மிக்ஸில் கிளென் மில்லரின் 40-கள் காலத்து பேண்டு இசைதான் பசை. ஒவ்வொரு ராக் அண்ட் ரோல் துண்டுக்கும் நடுவில் அது திரும்பத் திரும்ப வரும். அடுத்ததில் 'ஹவாய் ஃபைவ்-ஓ' டிவி தொடரின் இசை பசை ஆனது. இந்தப் பசைதான் உண்மையான வேலை. துண்டுகளைச் சும்மா அடுக்கினால் அது பட்டியல். நடுவில் தெரிந்த இசை ஒன்று வந்து மூச்சுவிட இடம் கொடுத்தால்தான் அது ஒரு பாட்டாக நிற்கும்.

முதல் மூன்று வெளியீடுகளும் பிரிட்டனில் முதலிடம். அதற்கு முன் இரண்டே இரண்டு குழுக்களுக்குத்தான் அது அமைந்திருந்தது. விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். இசைக்கே அவமானம் என்ற தொனியில் இன்றும் அந்த முயலைப் பற்றி எழுதுபவர்கள் உண்டு. அவ்வளவு கோபம் தேவையில்லை. உட்கார்ந்து கேட்கச் செய்த பொருள் இல்லை அது. எழுந்து ஆடச் செய்தது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

தொழில்நுட்பம் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாட்டுகளை ஒட்டுவது அன்று எளிதாக இல்லை. 60-களின் டிரம்மர் கருவி எதுவும் காதில் டிக் டிக் என்று சொல்ல வாசித்தவர் இல்லை. உற்சாகம் ஏறினால் வேகமும் ஏறும். ரெக்கார்டைச் சுழற்றும் வேகத்தைக் கூட்டினால் தாளம் ஒட்டும், ஆனால் சுருதியும் சேர்ந்து ஏறிப் பாடகர் குரல் கீச்சென்று ஆகிவிடும். டிஜேக்கள் கொண்டாடிய 1979-ன் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். இன்று சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் மென்பொருள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து இரண்டு மணி நேர மிக்ஸ் போட முடிவது அதனால்தான்.

41 சொல், ஒரு பாடகர் பெயர்கூட இல்லை

இப்போது காசுக்கு வருவோம்.

1981-ன் அந்த ஹிட்டுக்கு அமெரிக்க ரெக்கார்டில் போட்ட அதிகாரப்பூர்வப் பெயரில் 41 சொற்கள். உள்ளே வரும் பாடல்களின் பெயரை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே அடுக்கியிருந்தார்கள். பில்போர்டு முதலிடம் பிடித்த பாடல்களில் மிக நீளமான தலைப்பு என்று அது பெயர் வாங்கியது. காரணம் கவித்துவம் இல்லை. தங்கள் பாட்டின் பெயர் லேபிளில் வர வேண்டும் என்பது பதிப்பாளர்களின் நிபந்தனை.

அப்படிப் பாட்டுகளுக்குப் பெயர் கிடைத்தது. எழுதியவர்களுக்குப் பங்கு போனது. ஆனால் உள்ளே பாடிய முய்ஸ், ஹைஸ்டன்ஸ், வெர்மூலன் ஆகியோரின் பெயர் அந்த ரெக்கார்டுகளில் எங்கும் இல்லை. பிரிட்டனில் குழுவுக்கு 'ஸ்டார்சவுண்ட்' என்று ஒரு பெயர் போட்டார்கள். அது குழு இல்லை, ஒரு லேபிள் வார்த்தை. முதலிடத்தில் இருந்த குரல் யாருடையது என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது.

(போனி எம் கதையும் இதற்குத் தூரத்துச் சொந்தம். மேடையில் ஆடிய பாபி ஃபாரல் ரெக்கார்டில் பாடியவர் இல்லை. அந்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது.)

துண்டு போடுவதன் விலை 1991-ல் மாறியது. ராப் பாடகர் பிஸ் மார்க்கி, கில்பர்ட் ஓ'சல்லிவனின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து சிறு பகுதியை அனுமதியில்லாமல் எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அதன்பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்குவது கட்டாயம் போல ஆனது. முப்பது துண்டு என்றால் முப்பது பேச்சுவார்த்தை. காசு கொடுத்து வாங்கும் மெட்லி ரெக்கார்டு குறைந்ததற்கு ரசனை மாறியது மட்டும் காரணம் இல்லை.

பிறகு அது இணையத்துக்கு நகர்ந்தது. யூடியூப் 2007-ல் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் ஒலிப்பதிவுகளோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் உரிமையாளர் முன் மூன்று வழி: வீடியோவை முடக்கலாம், அதில் வரும் விளம்பரக் காசைத் தான் எடுத்துக்கொள்ளலாம், சும்மா கண்காணிக்கலாம். பலரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற அந்த இரண்டு மணி நேர மிக்ஸ் நீக்கப்படாமல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் அதன் வருமானம் வெட்டி ஒட்டியவருக்கு இல்லை, பாட்டின் உரிமை வைத்திருப்பவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம்.

அந்த உரிமையாளர் இன்று யார்? பாடியவர் அல்லது எழுதியவர்தான் என்று நினைத்தால் பல இடங்களில் தவறு. பாப் டிலன் தன் பாடல்களின் பதிப்புரிமையை 2020 டிசம்பரில் யுனிவர்சல் குழுமத்துக்கு விற்றார். அடுத்த வருடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் மொத்த இசையையும் சோனிக்கு விற்றார். விலை 50 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. இவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தாக வேண்டும். சினிமாவில், விளம்பரத்தில், ரீல்ஸில், மிக்ஸில்.

1985-ல் வந்த கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' 2022-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் ஒலித்து, 37 வருடம் கழித்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு யோகம் அபூர்வம். ஆனால் அந்தக் கனவு இந்தச் சந்தையை ஓட்டுகிறது. 2024 சூப்பர் பவுல் இடைவேளையில் அஷர் சுமார் 13 நிமிடத்தில் தன் பழைய ஹிட்டுகளைத் துண்டு துண்டாகப் பாடினார். உலகத்தின் விலை உயர்ந்த மெட்லி மேடை அது. அதற்குப் பாடகர்களுக்குத் தனிச் சம்பளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அடுத்த நாள் பழைய பாட்டெல்லாம் மறுபடி ஓடும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

நம்ம நாட்டில் என்ன விதி?

இந்தியாவிலும் இதே சண்டை நடந்தது. பழைய பாட்டை வேறு ஆட்களை வைத்துப் பாடவைத்து, புதுத் தாளம் போட்டு விற்கும் 'வெர்ஷன்' கேசட்டுகளுக்குப் பழைய காப்புரிமைச் சட்டம் நிறைய இடம் கொடுத்திருந்தது. முதல் பதிவு வந்து இரண்டு வருடம் தாண்டினால் போதும். 2002-ல் வட இந்தியாவைக் கலக்கிய 'காண்டா லகா' ரீமிக்ஸ்கூட 1972-ல் வந்த 'சமாதி' படத்துப் பாட்டுதான்.

2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஐந்து காலண்டர் வருடம் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். அசல் பாடகரே பாடியது போலத் தோன்றும்படி அட்டை போடக் கூடாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாப்பும் வந்தது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர்களில் ஒருவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். பாடகர்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொன்னது. அடுத்த வருடம் பாடகர்கள் ராயல்டிக்காகத் தனிச் சங்கமே அமைத்தார்கள்.

சட்டம் இருக்கிறது, சண்டை ஓயவில்லை. 2024-ல் 'மஞ்ஞுமல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டு ஒலித்ததற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. ஆடியோ உரிமை வைத்திருப்பவர்களிடம் முறையாக வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது படத்தரப்பு. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. வான் கூட்டன் கடையில் எதிர்கொண்ட அதே குழப்பம்.

நகல் குரலுக்கு இனி ஆளே வேண்டாமா?

2024 ஜூனில் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சூனோ, யூடியோ என்ற இரண்டு ஏஐ இசை நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டன. எங்கள் ஒலிப்பதிவுகளை அனுமதியில்லாமல் எடுத்து மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. 2025-ல் கதை திரும்பியது. அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவோடு சமரசம் செய்து, கூட்டாகத் தொழில் செய்வோம் என்றது. நவம்பரில் வார்னர் சூனோவோடு கைகோத்தது. திருட்டு ரெக்கார்டைப் பார்த்ததும் வழக்குக்குப் போகாமல் அதையே தொழிலாக்கிய வான் கூட்டனின் வழிதான்.

இந்த ஒப்பந்தங்களில் நிறுவனங்களுக்கு எவ்வளவு, பாடியவருக்கு எவ்வளவு என்பதுதான் இப்போது இசைக் கலைஞர்களின் அமைப்புகள் கேட்கும் கேள்வி. 1981-ல் பீட்டில்ஸ் மாதிரி பாட மூன்று பேர் ஸ்டுடியோவுக்கு வர வேண்டியிருந்தது. லேபிளில் பெயர் இல்லாவிட்டாலும், மைக்குக்கு முன்னால் நின்றது அவர்கள்தான்.